சித்தப்பாவின் ஓட்டைப் பிளான்

எங்கள் வீட்டு எறும்புகளுக்கு ராஜயோகம் அடித்ததற்கு என் சித்தப்பாதான் காரணம். சீனி டின்னைத் தூக்கிக்கொண்டு, சீனியை ஒரு பேப்பரில் கொட்டி வைத்துவிட்டுப் போனார். அதற்கு முன்னால் பிஸ்கட் டின் போனது. அதற்கும் முன்னால் அப்பா சவரச் சாமான் வைத்திருந்த டின் போனது. மலாக்காவில் நாங்கள் இருந்த காஜா பேராங்கில் மற்ற வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் காலையில் எழுந்தோமா, பசியாறினோமா, பள்ளிக்கூடம் போனோமா என்று இருந்தார்கள். நான் மட்டும் கோப்பியில் மிதக்கும் எறும்பை ஊதி ஊதி ஓரமாக ஒதுக்கிக் குடித்துவிட்டுப் போனேன்.

மெர்டேக்கா என்று சுதந்திரம் வந்து சில வருஷமாகி, நாட்டுக்கு மலேசியா என்று பெயரும் ஆகிவிட்ட காலம். சித்தப்பா அப்பாவின் ஒரே தம்பி. ரப்பர் தோட்டத்தில் இருந்தபோதே தாத்தாவும் பாட்டியும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்துவிட, அப்பாதான் அவரை வளர்த்து, டவுனுக்குக் கூட்டிவந்து, ஒரு ரேடியோக் கடையில் வேலைக்கும் சேர்த்துவிட்டார். அந்த நன்றியோ என்னவோ, அப்பா எதைச் சொன்னாலும் சித்தப்பாவின் வாயிலிருந்து வருவது ஒரே பதில்தான். சரிண்ணே. மழையில் போய் அரிசி வாங்கி வா என்றாலும் சரிண்ணே, முடியை வெட்டு என்றாலும் சரிண்ணே. அம்மா சொன்னால் மட்டும் ஆயிரம் நியாயம் பேசுவார்.

வேலை முடிந்து வந்தால் கித்தார். செட்டி கம்போங் என்ற குடியிருப்பைச் சேர்ந்த ஒரு தோழரும் இரண்டு மலாய்க்காரர்களும் அவரும் சேர்ந்து ஒரு கோஷ்டி வைத்திருந்தார்கள். கல்யாண வீடுகளில் வாசிப்பார்கள். அதோடு விட்டிருக்கலாம். ஒரு நாள் கடையில் பழுது பார்த்துக்கொண்டிருந்த ரேடியோவில், கடல் தாண்டி எங்கிருந்தோ ஒரு கித்தார் உறுமுவதைக் கேட்டிருக்கிறார். அன்றிலிருந்து அதே உறுமலைத் தன் கித்தாருக்கும் கொண்டுவந்தே தீருவது என்று கிளம்பிவிட்டார். அதற்கு ஒரு சின்னப் பெட்டி வேண்டுமாம். அதைக் காலடியில் வைத்து மிதித்தால் உறுமும், மறுபடி மிதித்தால் பழைய சத்தம் வந்துவிடும்.

அம்மாவால் இதைத் தாங்கவே முடியவில்லை.

"ஏன்லா, நல்லா இருக்கிற சத்தத்தைக் கெடுக்கிறதுக்கு ஒரு பெட்டியா? அதுக்கு என் சீனி டின்னா?"

"கெடுக்கிறது இல்ல அண்ணி. இது வேற மாதிரி சத்தம்."

"வேற மாதிரி சத்தம் வேணும்னா என்னைக் கேளு, நான் தர்றேன்."

பெட்டிக்குள் போகும் சாமானை எல்லாம் அவர் எப்போதோ கடையிலேயே ஒட்டி முடித்துவிட்டார். அவரையும் எங்களையும் பாடாய்ப் படுத்தியது பெட்டியில் போடவேண்டிய ஓட்டைகள்தான். ஐந்தே ஓட்டை. திருகுவதற்கு இரண்டு குமிழ், வயர் உள்ளே போக ஒன்று, வெளியே வர ஒன்று, நடுவில் மிதிக்கிற சுவிட்சுக்குப் பெரியதாக ஒன்று. இதற்கு அவர் பிளான் போடுவார். எந்தச் சாமான் எங்கே உட்காரவேண்டும் என்று தாளில் அதே அளவுக்கு வரைந்து, அந்தத் தாளை டின் மேல் பசை போட்டு ஒட்டி, ஒவ்வொரு வட்டத்தின் நடுவிலும் ஆணியால் ஒரு குத்துக் குத்தி, குத்திய இடத்தில் டிரில்லை வைத்துச் சுற்றவேண்டும். தாள் இல்லாமல் சுற்றினால் டிரில் வழுக்கிக்கொண்டு ஓடிவிடும் என்பார். ஒரு கோடு போட அரை மணி நேரம் எடுப்பார். அளப்பார், பென்சிலைக் காதில் செருகுவார், மறுபடி அளப்பார். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் எனக்குக் கொட்டாவியும் கோபமும் சேர்ந்து வரும்.

இவ்வளவு அளந்தும் உருப்பட்டதா என்றால், இல்லை. சவர டின்னில் சாமான் அடங்கவில்லை. பிஸ்கட் டின் மெலிசு. டிரில் கவ்வி இழுத்து வாய் கிழிந்துவிட்டது. சீனி டின்னுக்கு, உள்ளிருந்து பார்த்தால் எப்படி இருக்குமோ அப்படிப் பிளானை வரைந்து அதை வெளிப்பக்கம் ஒட்டிவிட்டார். வலது பக்கம் வரவேண்டிய ஓட்டை எல்லாம் இடது பக்கம் வந்தன. டின்னைத் தலைகீழாகக் கூடத் திருப்பிப் பார்த்தார். அது எப்படிச் சரியாகும்? அந்த டின்னை அம்மா திரும்ப வாங்கி, ஓட்டைகளைப் பார்த்துவிட்டு, சத்தமே போடாமல் குப்பையில் எறிந்தாள். அம்மா சத்தம் போடாமல் ஒன்றைச் செய்தால்தான் எங்களுக்குப் பயம்.

நாலாவதாகக் கடுகு டின் போனது. அது உண்மையில் அப்பாவின் பழைய அலுமினியச் சாப்பாட்டு டப்பா. சாப்பாடு கொண்டுபோக அடுக்குச் சட்டி வாங்கியபிறகு அம்மா அதில் கடுகும் வெந்தயமும் வைத்திருந்தாள். அலுமினியம் தடிப்பாக இருப்பதால் கிழியாது என்று சித்தப்பா கண்டுபிடித்துவிட்டார். இந்த முறை தாள் சதி செய்தது. நியூஸ் பேப்பர் பசையில் ஊறி இழுபட்டுக் கிழிந்தது. என் கணக்குப் புத்தகத்திலிருந்து கிழித்த தாளும் அப்படியே ஆனது. அதற்காக வாத்தியாரிடம் நான் வாங்கிய அடி தனிக்கதை.

அந்த வாரத்தில்தான் மிதிக்கிற சுவிட்சு வந்து சேர்ந்தது. பழைய காடிகளில், அதாவது கார்களில், விளக்கைத் தாழ்த்துவதற்குக் காலடியில் ஒரு சுவிட்சு இருக்கும், அதைக் காலால் அமுக்கவேண்டும். கோஷ்டியில் டிரம் அடித்த செட்டி கம்போங் தோழர் ஒரு காடி பட்டறையில் வேலை செய்தார். உடைக்க வந்த காடி ஒன்றிலிருந்து அதைக் கழற்றி வைத்திருந்தார். அவருக்குக் காய்ச்சல் என்று, அதை எடுத்துக்கொண்டு அவருடைய தங்கை எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

செட்டிகள் எங்களுக்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்பே மலாக்காவுக்கு வந்தவர்கள். சாமி எல்லாம் நம்முடைய சாமிதான். பேச்சு மட்டும் மலாய். அந்த அக்காவும் சாரோங்கும் கெபாயாச் சட்டையும் உடுத்தி, நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டு வாசலில் நின்று, "அக்கா, அபாங் சுரோ ஹந்தார்" என்றாள். அண்ணன் கொடுத்துவிடச் சொன்னானாம். அம்மா வாங்கிக்கொண்டாள். பொட்டலத்தைப் பிரித்து, இன்னொரு சனியன் வந்து சேர்ந்தது என்று முணுமுணுத்தாள். கொடுத்த பிறகும் அந்த அக்கா போகவில்லை. சுவரில் சாத்தியிருந்த கித்தாரைப் பார்த்தாள். பிறகு மெதுவாக, "டியா சுடா மாக்கான்?" என்று கேட்டாள். அவர் சாப்பிட்டாரா என்று.

சுவிட்சு கொண்டுவந்தவளுக்கு அந்த விசாரணை எதற்கு என்று எனக்குத் தோன்றியது. அம்மா அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். "பெலும்," இன்னும் இல்லை, என்றாள். பிறகு என்ன நினைத்தாளோ, கொல்லைக்குப் போய், யார் கேட்டாலும் இல்லை என்று சொல்லும் எங்கள் மரத்து முருங்கைக்காயில் நாலைந்து பறித்துவந்து அவள் கையில் கொடுத்தாள். எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. அந்த முருங்கைக்காய் சாம்பாருக்கு நான் காத்துக்கொண்டிருந்தேன்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது அப்பா அந்தப் பேச்சை எடுத்தார். அப்பாவின் ஆபீசில் குமாஸ்தாக்களுக்கெல்லாம் மேலே பெரிய கிராணி ஒருவர் இருந்தார். செமாபோக்கில் சொந்த வீடு. அவருக்கு ஒரு மகள். கிராணி கையை நீட்டினால் சித்தப்பாவுக்குக் கவர்மெண்டு வேலை நிச்சயம் என்பது அப்பாவின் கணக்கு.

"ஞாயித்துக்கிழமை வர்றாங்க. ஜாதகத்தை வாங்கிட்டுப் போவாங்க. பொருந்திடுச்சின்னா தை மாசத்திலயே முடிச்சிடலாம். கித்தாரு, கோஷ்டி எல்லாம் அதோட விட்டுடணும், கிராணிக்குப் பிடிக்காது. என்னா?"

சித்தப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். குழம்பு ஊற்றாத சோறு.

"சரிண்ணே."

அம்மா ரசச் சட்டியோடு நின்று அவரைப் பார்த்தாள். "அவனுக்குப் பிடிச்சிருக்கான்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்றாள். "அதான் சரின்னு சொல்லிட்டானே," என்றார் அப்பா. அப்பாவைக் குற்றம் சொல்ல முடியாது. சித்தப்பா சரி என்றுதான் சொன்னார், என் காதிலும் விழுந்தது. வாயில் ஒரு சொல்லை வைத்துக்கொண்டு வேறொன்றைச் சொல்லும் மனிதர்களோடு காலம் தள்ளுவது எவ்வளவு சிரமம் என்று அப்போது எனக்குத் தெரியாது.

சனிக்கிழமை மத்தியானம் சித்தப்பா டின்னைக் கையில் வைத்துக்கொண்டு பின்வாசல் படியில் உட்கார்ந்திருந்தார். வரையவும் இல்லை, அளக்கவும் இல்லை. எனக்குப் பொறுக்கவில்லை. இந்த ஓட்டைச் சமாச்சாரம் முடிந்தால்தான் வீட்டில் மிச்சமிருக்கும் டின்களாவது பிழைக்கும். என்ன வேண்டும் என்று நானே கேட்டேன். நல்ல தடித்த தாள் ஒன்று இருந்தால் போடலாம் என்று எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார்.

நான் உள்ளே போய் அம்மாவிடம் கேட்டேன். தடித்த தாளாம், இந்த வீட்டில் இருக்கிறதா, இல்லை என்றால் இல்லை என்று சொல்லிவிடு என்றேன். அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். துருவுவதை நிறுத்தினாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, இடுப்பிலிருந்த சாவியை எடுத்து, புடவைகள் வைக்கும் தகரப் பெட்டியைத் திறந்தாள். அடியில் கையை விட்டு மடித்த தாள் ஒன்றை எடுத்தாள். ஜன்னல் பக்கம் போய்ப் பிரித்துப் பார்த்தாள். சீக்கிரம் கொடும்மா என்று நான் அவசரப்படுத்தினேன். வெறும் பக்கம் வெளியே தெரியும்படி மாற்றி மடித்து என்னிடம் நீட்டினாள்.

மூலைகளில் மஞ்சள் கறை இருந்தது. "கறையா இருக்கும்மா," என்றேன்.

"கறை இருந்தா என்னா? காயிதம் தடிப்பா இருக்கில்ல? கொண்டுபோய்க் குடு. தொலையட்டும்."

சித்தப்பா தாளைப் பிரித்தார். பிரித்தவர் உள்பக்கத்தை உற்றுப் பார்த்தார்.

"இதை யாரு குடுத்தா?"

"அம்மா."

"உங்கம்மாவா? அவங்க கையாலயா?"

"அம்மாவோட கையால இல்லாம வேற எந்தக் கையால குடுப்பாங்க?" என்றேன். எவ்வளவு நேரம்தான் பொறுமையாக இருப்பது?

அவர் எழுந்து சமையல்கட்டைப் பார்த்தார். உள்ளே அம்மா முதுகைக் காட்டிக்கொண்டு வெகு மும்முரமாகத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். ஒரு தேங்காய்க்கு அவ்வளவு சத்தம் தேவையில்லை. சித்தப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். தூசி விழுந்திருக்கும் என்று நினைத்தேன். பிறகு உட்கார்ந்து பிளான் போட ஆரம்பித்தார். அன்றைக்குப் போட்ட கோடுகள் மாதிரி அவர் எப்போதும் போட்டதில்லை. அளந்ததும் போட்டார். தாளை டப்பாவின் மேலும் பக்கங்களிலும் புத்தகத்துக்கு அட்டை போடுவதுபோல் சுற்றி ஒட்டினார். காய்ந்ததும் உள்ளே ஒரு கட்டையை முட்டுக் கொடுத்து டிரில்லைச் சுற்றினார். நாலு சின்ன ஓட்டையும் சுத்தமாக விழுந்தன. சுவிட்சுக்கான ஓட்டைக்கு அவ்வளவு பெரிய டிரில் கிடையாது. வட்டமாக நெருங்க நெருங்கத் துளைத்து, நடுவில் இருந்ததைத் தட்டி எடுத்துவிட்டு, அரத்தால் ராவினார். ராவின சத்தத்தில் எனக்குப் பல் கூசியது.

மறுநாள் செமாபோக்கிலிருந்து கிராணியும் அவர் மனைவியும் வந்தார்கள். கோப்பி, பலகாரம் எல்லாம் ஆனது. அப்பா உள்ளே திரும்பி, ஜாதகத்தை எடுத்துவரச் சொன்னார். அம்மா பெட்டியைத் திறந்தாள். ஒவ்வொரு புடவையாக எடுத்து உதறினாள். தலையணை உறையைக்கூட உதறினாள். இங்கேதானே வைத்தேன் என்று கூடத்துக்குக் கேட்கும்படி சொல்லிக்கொண்டே தேடினாள். கோப்பி ஆறிப்போனது. அப்பா எழுந்து வந்து, அலமாரியில் பார்த்து, சாமி மேடையில் பார்த்து, கடைசியில் பின்வாசலுக்குப் போனார். அங்கே படியில் டப்பா வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது.

மஞ்சள் தடவிய மூலைகள் அப்பாவின் கண்ணில் பட்டன. பிறகு, பசையில் ஊறிய தாளுக்குள்ளிருந்து பழைய மையில் மங்கலாகத் தெரிந்த கட்டங்கள். அவர் தாளை உரித்தார். எழுத்து பாதி தாளோடு வந்தது, பாதி அலுமினியத்திலேயே ஒட்டிக்கொண்டது. தாளைத் தூக்கிப் பிடித்தபோது ஐந்து ஓட்டை வழியாகவும் வெயில் அவர் சட்டையில் விழுந்தது.

கிராணியும் பின்னாலேயே வந்துவிட்டார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளை வாங்கிப் பார்த்தார்.

"தம்பி, இதுல லக்கினம் எங்க? சனி எங்க?"

சித்தப்பா அருகில் போய் விரலால் காட்டினார். "இது சுவிட்சுக்குங்க. இது வால்யூமுக்கு."

அவர் கேலி செய்யவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான். அதுதான் இன்னும் மோசமாகப் போயிற்று. கூடத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்த கிராணியின் மனைவி சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள். பிறந்த நேரமாவது ஞாபகம் இருக்கிறதா, புதிதாகக் கணித்துவிடலாம் என்று கிராணி கேட்டுப் பார்த்தார். எப்படி இருக்கும்? பிறப்புப் பத்திரமான சூராவில் நாளும் வருஷமும்தான் இருந்தன. நேரம் தெரிந்த தாத்தா பாட்டியும் இல்லை, தோட்டத்தில் கணித்துக் கொடுத்த ஜோசியரும் இல்லை. அந்த ஒரு தாள்தான் இருந்தது. தான் பிறந்த நேரத்தையே ஓட்டை போட்டவனுக்கா என் மகளைக் கொடுப்பேன் என்று அந்த அம்மாள் எங்கள் வாசற்படியில் நின்றே சொல்லிவிட்டுப் போனாள்.

பிறகு நடந்ததை நினைத்தால் இன்றும் எனக்கு எரிச்சல் வருகிறது. அப்பா போட்ட சத்தத்தைவிட அம்மா போட்ட சத்தம்தான் பெரியது. "என் பெட்டியில கைய வச்சிருக்கியே, உனக்கு அறிவு இருக்கா? சீனி டின்னு பத்தல, கடுகு டின்னு பத்தல, இப்ப ஜாதகம் கேக்குதா?" என்று கையை நீட்டி நீட்டித் திட்டினாள்.

அப்பா அம்மாவின் பக்கம் திரும்பினார். "பெட்டிச் சாவி உன் இடுப்புலதானே இருக்கு?"

அம்மா வாயைத் திறப்பதற்குள் சித்தப்பா சொன்னார். "நான்தாண்ணே எடுத்தேன். அண்ணி குளிக்கப் போனப்ப எடுத்தேன்."

பச்சைப் பொய். எனக்கு ரத்தம் கொதித்தது. அதைக் கொடுத்தவள் நிற்கிறாள், வாங்கி வந்தவள் நான் நிற்கிறேன், ஒரு தப்பும் செய்யாத மனுஷன் தலையைக் குனிந்துகொண்டு ஏச்சு வாங்குகிறார். "அம்மாதானே..." என்று ஆரம்பித்தேன்.

"அடுப்புல பாலு பொங்குது, ஓடு," என்றாள் அம்மா.

ஓடினேன். அடுப்பு எரியவே இல்லை. சாம்பல் ஆறிக் கிடந்தது. அதைச் சொல்வதற்காக நான் திரும்பி வருவதற்குள் அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். அம்மா, திட்டிக் களைத்தவள், சித்தப்பாவுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். குழம்பை அவளே ஊற்றினாள். 

ஜாதகமில்லாத மாப்பிள்ளை என்ற பேச்சு செமாபோக்கிலிருந்து கிளேபாங் வரை போய்விட்டது. அப்பா ஏறாத வீடில்லை. கடைசியில் ஒரு நாள், இனி ஜாதகம் கேட்காத வீடாகப் பார்த்தால்தான் உண்டு என்று அம்மா சலித்துக்கொண்டாள். அப்படி எந்த வீடு இருக்கிறது என்று அப்பா கேட்டார். அம்மா யோசிப்பதுபோலக் கூரையைப் பார்த்தாள். செட்டி கம்போங்கில் அந்த டிரம் அடிக்கிற பையனுக்கு ஒரு தங்கை இருக்கிறாளாம், கொடுத்தாலும் அங்கே தமிழ் ஜாதகத்தைப் படிக்க ஆளில்லையே என்றாள். அப்பா பேசாமல் இருந்து, பிறகு கோபித்து, மறுபடி பேசாமல் இருந்து, அடுத்த வருஷம் ஒத்துக்கொண்டார். சுவிட்சு கொண்டுவந்த அக்கா எனக்குச் சித்தியானாள். பெட்டியும் உறுமியது. சூடு ஏறினால் வெந்தய வாசனையும் வரும்.

நான் மட்டும் ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். அம்மாவுக்கு ஞாபகமறதி வந்துவிட்டது. முதல் நாள் தன் கையால் எடுத்துக் கொடுத்ததை மறுநாள் மறந்துவிட்டுத் தேடுகிறவளை, பால் வைக்காத அடுப்பில் பால் பொங்குகிறது என்கிறவளை வேறு என்னவென்று சொல்வது? அதனால் அவளை நானே பார்த்துக்கொள்வது என்று தீர்மானித்தேன். அடுப்பை அணைத்தாயா, குடை எடுத்தாயா, சாவி இடுப்பில் இருக்கிறதா என்று நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டே திரிந்தேன். எதற்கெடுத்தாலும் எரிந்துவிழும் அம்மா இதற்கு மட்டும் ஒரு நாளும் கோபித்ததில்லை. "நல்லவேளை ஞாபகப்படுத்தின," என்பாள்.

சித்தப்பாவின் கல்யாணத்தன்று காலையில் அவள் பூக்கட்டிக்கொண்டிருந்தாள். வீடு நிறையச் சொந்தக்காரர்கள். யார் காதிலும் விழக்கூடாது என்று நான் அவள் பக்கத்தில் குந்தி, மெதுவாகச் சொன்னேன். அன்றைக்கு அந்தத் தாளைச் சித்தப்பா எடுக்கவில்லை, நீதான் பெட்டியிலிருந்து எடுத்து என்னிடம் கொடுத்தாய், மறந்துவிட்டாய் என்றேன்.

அம்மா நாரைப் பல்லில் கடித்து அறுத்தாள்.

"ஆமா இல்ல," என்றாள். "சுத்தமா மறந்தே போச்சு பாரு."